வட்டக்கச்சியும் பாரிஸும் வீடு மாற்றிய கதை: ஒரு நிகழ்வு ஆய்வு

கிளிநொச்சிப் பக்கம் இப்போது அடிக்கடி ஒரு கேள்வி வருகிறது. எங்கள் வீட்டை வெளிநாட்டுக் குடும்பம் ஒன்றுக்குத் தங்கக் கொடுத்து, பதிலுக்கு அவர்களுடைய வீட்டில் நாங்கள் போய்த் தங்கி, ஹோட்டல் செலவே இல்லாமல் ஊர் பார்க்க முடியுமா? முடியும். வட்டக்கச்சியில் ஒரு குடும்பம் செய்து முடித்திருக்கிறது. இணைய வேலைகளையும் கடிதப் போக்குவரத்தையும் செய்து கொடுத்து, கூடவே இருந்து பார்த்தவன் என்ற முறையில் நடந்ததை எழுதி வைக்கிறேன். பெயர் வேண்டாம் என்று இரண்டு குடும்பமும் கேட்டதால் டீச்சர், டீச்சரின் கணவர், பாரிஸ் குடும்பம் என்றே எழுதுகிறேன்.

இது புது விசயம் இல்லை. 1953 இல் ஐரோப்பாவில் சில ஆசிரியர்கள் சேர்ந்து தொடங்கிய பழக்கம் இது. அவர்களுக்கு நீண்ட விடுமுறை இருந்தது, குடியிருக்க வீடு இருந்தது, ஹோட்டலுக்குக் கொடுக்கக் காசுதான் இல்லை. வீடுகளின் விவரத்தைப் பட்டியலாக அச்சடித்துத் தபாலில் அனுப்பி, கடிதம் எழுதி, வருடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டார்கள். பிறகு 1992 இல் அமெரிக்காவில் எட் குஷின்ஸ் ஹோம் எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்தைத் தொடங்கினார், 2011 இல் பிரான்சில் கெஸ்ட் டு கெஸ்ட் வந்தது, 2017 இல் பிரெஞ்சு நிறுவனம் அமெரிக்க நிறுவனத்தை வாங்கி, பிறகு இரண்டும் ஒன்றானது. இப்போது இந்தத் தொழிலில் பெரியது அதுதான். அங்கே வருடச் சந்தா கட்டி வீட்டைப் பதிந்தால் போதும். ஒரே நேரத்தில் மாறலாம், முன் பின்னாகவும் மாறலாம். ஒருவரை உங்கள் வீட்டில் தங்க வைத்தால் இரவுக்கு இவ்வளவு என்று புள்ளி சேரும், அந்தப் புள்ளியைக் கொண்டு மூன்றாவது ஒருவரின் வீட்டிலும் போய்த் தங்கலாம்.

எங்கள் ஆட்கள் இதைக் கேள்விப்பட்டதும் முதலில் சொல்வது, "எங்கட வீட்டில ஆர் வந்து இருக்கப் போகினம்?" என்பதுதான். ஏசி இல்லை, சுடுதண்ணீர் இல்லை, குளியல் கிணற்றடியில். வீடு ஈடாகாது என்ற கூச்சம். நான் பார்த்த அளவில் அந்தக் கூச்சத்துக்கு ஒரு தேவையும் இல்லை. வீடு ஈடாகிவிடும். ஈடாகாதது கடவுச்சீட்டு. இந்த மாற்று கிட்டத்தட்ட முறிந்துபோன இடமும் அதுதான், அதைச் சுற்றி வேறு வழியாகப் போனதால்தான் நடந்தது.

இரண்டு வீடுகள்

டீச்சர் ஆரம்பப் பாடசாலை ஆசிரியை, ஓய்வுக்குக் கிட்ட. கணவர் இரணைமடுத் தண்ணீரில் வயலும், வளவில் வாழையும் செய்கிறார். மகன் வவுனியாவில் படிக்கிறான். வட்டக்கச்சி 1950களில் குடியேற்றத் திட்டமாக வந்த ஊர், வளவுகள் விசாலம், வாய்க்கால் பக்கத்திலேயே ஓடும். 2009 இல் எல்லாம் போய், மீளக் குடியேறிய பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த ஐந்தரை லட்சம் ரூபாவோடு தங்கள் காசும் போட்டுக் கட்டிய வீடு: இரண்டு அறை, ஒரு ஹோல், குசினி. கனடாவில் இருக்கிற தம்பி அனுப்பிய காசில் பின்னாளில் விறாந்தையும், குளியலறையோடு சேர்ந்த இன்னொரு அறையும் இறக்கினார்கள்.

பாரிஸ் குடும்பம் ஈழத்தவர் இல்லை. புதுச்சேரிப் பூர்வீகம். புதுச்சேரி 1954 இல் இந்தியாவோடு சேர்ந்தது, சட்டப்படியான கையளிப்பு 1962 இல் முடிந்தது; அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவு செய்த குடும்பங்களில் ஒன்று இவர்களுடையது. பாரிஸின் வடக்குப் புறநகரில் மூன்றாம் மாடியில் சொந்த வீடு, பதினான்கு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்கும், பேச வாய் வராது. தமிழ் மட்டும் கேட்கிற ஓர் ஊரில், சொந்தக்காரர் கூட்டம் இல்லாமல், ஒரு விடுமுறையைக் கழிக்க வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம்.

டீச்சரின் வீட்டுப் பதிவை எழுதும்போது ஒரு விசயத்தில் அவர் உறுதியாக இருந்தார். நல்லதை எழுதுவதற்கு முதல் கெட்டதை எழுதச் சொன்னார். ஆகவே கிணற்றுத் தண்ணீர் சவர் இல்லை ஆனால் கல்சியம் கூட, குடிக்கப் போத்தல் தண்ணீர் வேண்டும், ஓகஸ்டில் சோளகக் காற்றில் வீட்டுக்குள் புழுதி வரும், குரங்கு வரும், இரவில் டோர்ச் இல்லாமல் வளவுக்குள் இறங்கக் கூடாது, நாய் கட்டி வைக்கிற நாய் இல்லை என்று எல்லாம் முதல் பந்தியிலேயே போனது. பாரிஸ் அம்மா பிறகு சொன்னார், அந்தப் பந்திதான் தங்களை இழுத்தது, பொய் சொல்லாத வீடு என்று பட்டதாம்.

கடுதாசி

முதல் திட்டம் எல்லாரும் போடுகிற திட்டம்தான். 2024 ஓகஸ்டில், இரண்டு நாட்டிலும் பாடசாலை விடுமுறை ஒன்றாக விழுகிற நாட்களில், அவர்கள் இங்கே வர இவர்கள் அங்கே போவது. இரண்டு வீடும் அந்த நேரம் சும்மா கிடக்கும், பூட்டைத் திறந்தால் சரி.

விசாவுக்கு என்ன வேண்டும் என்று பட்டியல் எடுத்ததும் திட்டம் ஆட்டம் கண்டது. பிரான்ஸ் போக எடுக்க வேண்டிய செங்கன் விசாவின் கட்டணம் அந்த யூனில் 90 யூரோ ஆகியிருந்தது, மறுத்தாலும் திருப்பித் தர மாட்டார்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும். வங்கிக் கணக்கு விவரம், சம்பளக் கடிதம், லீவுக் கடிதம், போக வர டிக்கெற் முற்பதிவு, கைரேகை கொடுக்கக் கொழும்புப் பயணம். இதெல்லாம் காசும் அலைச்சலும்தான், செய்யலாம். செய்ய முடியாதது வேறொன்று.

பிரான்சில் ஒரு தனியார் வீட்டில் தங்கப் போவதென்றால், அந்த வீட்டுக்காரர் தன் ஊர் நகரசபைக்குப் போய் வரவேற்புச் சான்று ஒன்று எடுத்து அனுப்ப வேண்டும். வீடு தன்னுடையதுதான், இடம் போதும், வருகிறவருக்குச் செலவு முட்டினால் நான் பொறுப்பு என்று கையெழுத்து. அதற்கு அப்போது 30 யூரோ முத்திரை. சான்று இருந்தால் கையில் காட்ட வேண்டிய காசும் குறையும், ஆளுக்கு ஒரு நாளைக்கு 32.50 யூரோ, இல்லாமல் ஹோட்டல் என்று போனால் 65 யூரோ. ஆனால் அந்தச் சான்று விருந்தாளியை வரவேற்கிற வீட்டுக்காரருக்காக எழுதப்பட்டது. எங்கள் கதையில் விருந்தாளி போய் இறங்குகிற நாளில் வீட்டுக்காரர் வட்டக்கச்சியில் கிணற்றடியில் நிற்பார்.

வீட்டில் இருப்போம் என்று எழுதிவிட்டு வந்தால் என்ன என்று பாரிஸ் தரப்பில் ஒரு யோசனை வந்தது. டீச்சர் உடனே மறுத்தார். "அங்க இறங்கினவுடன கேட்டா நான் என்னெண்டு சொல்லுறது? பொய்க் கடுதாசியோட நான் பிளேன் ஏற மாட்டன்" என்றார். எனக்கு அதில் முழு உடன்பாடு. எங்கள் கடவுச்சீட்டில் ஒரு மறுப்பு விழுந்தால் அடுத்தடுத்த விண்ணப்பங்களிலும் அதைச் சொல்லியாக வேண்டும், பொய் பிடிபட்டால் கதையே முடிந்தது. விசாக் கவலை இல்லாமல் விமானத்தில் ஏறி இறங்குகிற ஆட்களுக்கு இது விளங்குவது கஷ்டம்.

மற்றப் பக்கத்தைப் பாருங்கள். 2024 ஓகஸ்ட் தொடக்கத்தில் உயர் நீதிமன்ற உத்தரவால் இலங்கையின் புதிய இணைய விசா முறை நின்றிருந்தது, நாட்டுக்குள் வருகிறவர்களுக்கு ஒரே குழப்பம், பத்திரிகை எல்லாம் அதே செய்தி. அப்படியிருந்தும் பாரிஸ் குடும்பம் கட்டுநாயக்காவில் இறங்கி, வரிசையில் நின்று, காசைக் கட்டி, அங்கேயே விசா எடுத்துக்கொண்டு வெளியே வந்தது. குழப்பமான நாளிலும் அவர்களுக்கு அவ்வளவுதான் வேலை.

சரி, என்ன செய்வது? இங்கேதான் பாரிஸ் அம்மா ஒரு வழி சொன்னார். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அவர்களுடைய பூர்வீக வீடு இருக்கிறது, வருடத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கிறது, பக்கத்து வீட்டில் இருக்கிற அத்தை விளக்கு வைத்துப் பார்த்துக்கொள்கிறார். நாங்கள் ஓகஸ்டில் வருகிறோம், நீங்கள் உங்களுக்கு வசதியான நேரம் அங்கே போய் இருங்கள், பாரிஸ் வீடு அப்படியே உங்கள் பேரில் கடனாக இருக்கட்டும் என்றார். வீட்டு மாற்று செய்கிறவர்களிடையே இது சாதாரணம், இரண்டாவது வீடு உள்ளவர்கள் நேரம் பார்க்கத் தேவையில்லை. ஆனால் எங்களுக்கு அது தலைகீழ் மாற்றம். இந்திய விசா வட்டக்கச்சியில் இருந்துகொண்டே இணையத்தில் எடுக்கலாம், மொழிப் பிரச்சினை இல்லை, யாழ்ப்பாணத்துப் பலாலியில் இருந்து விமானம் இருக்கிறது.

டீச்சரின் கணவருக்கு இதில் இன்னொரு தலையிடி, கடவுச்சீட்டு காலாவதியாகி இருந்தது. 2024 இன் பிற்பகுதியில் நாடு முழுக்கக் கடவுச்சீட்டுத் தட்டுப்பாடு, வரிசை வரிசையாகச் சனம். வவுனியாப் பிராந்திய அலுவலகத்துக்கு இரவோடு இரவாகப் போய் நின்று எடுத்தார். ஓகஸ்ட் திட்டத்தையே பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் அதிலேயே கவிழ்ந்திருக்கும்.

காணியும் அயலும்

வீட்டை அந்நியருக்கு விடுவது வன்னியில் சின்ன விசயம் இல்லை. ஒருமுறையல்ல, பலமுறை வீட்டை விட்டு ஓடிய சனம் நாங்கள். திரும்பி வந்தபோது கூரை இல்லாத வீடு, வேறு ஆட்கள் இருக்கிற வீடு, வீடே இல்லாத வளவு எல்லாம் பார்த்தாயிற்று. ஆகவே டீச்சரின் தாயார், "ஆள் குந்திச்சுதெண்டால் எழும்பாது பிள்ளை" என்று சொன்னதை யாரும் கேலி செய்யவில்லை. இருந்து விளக்கினோம். ஒருவர் ஒரு காணியைப் பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டால்தான் ஆட்சியுரிமை கேட்க முடியும், அரச காணியில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மூன்று வாரம் தங்குகிற குடும்பத்தால் ஒன்றும் ஆகாது.

அரச காணி என்பதில் வேறொரு சிக்கல் இருக்கிறது, வன்னியில் வீடு மாற்ற நினைப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். எங்களில் கனபேருக்குக் காணி உறுதிப்பத்திரம் இல்லை, 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரம்தான். பெர்மிட் காணியை அனுமதி கேட்காமல் குத்தகைக்கோ வாடகைக்கோ விட முடியாது. டீச்சர் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் நேரே போய்க் கேட்டார், காசு வாங்காமல் விருந்தாளி தங்குவதற்கு ஒரு தடையும் இல்லை என்றார்கள். காசு வாங்கக் கூடாது என்கிற வீட்டு மாற்றின் அடிப்படை விதி எங்களுக்கு இப்படி ஒரு பாதுகாப்பாகவும் வந்து நிற்கிறது. அதனால் "கரண்ட் காசாவது வாங்குங்கோவன்" என்று ஊர் சொன்னாலும் வாங்காமல் இருப்பதுதான் புத்தி.

புதுமுகம் கண்டால் விசாரிக்க ஆள் வருவது இங்கே வழமை. கிராம சேவகரிடம் வருகிறவர்களின் கடவுச்சீட்டுப் பிரதி, வருகிற நாள், போகிற நாள் எல்லாம் முன்கூட்டியே கொடுத்தோம். அயலில் இரண்டு வீட்டுக்கும் டீச்சரே போய்ச் சொன்னார். இந்தச் சொல்லி வைக்கிற வேலையை எந்த இணையத்தளமும் உங்களுக்குச் சொல்லித் தராது, ஆனால் இங்கே வீட்டுச் சாவியைவிட அதுதான் முக்கியம். விருந்தாளி வந்த முதல் இரவே முன்வீட்டு அக்கா புட்டும் சம்பலும் கொண்டுபோய்க் கொடுத்தார் என்றால், அது முன்பே தெரிந்திருந்ததால்தான்.

வீட்டுக் கொப்பி

வீட்டை எப்படிப் பாவிப்பது என்று டீச்சர் ஒரு எண்பது பக்கக் கொப்பியில் எழுதினார். மாணவர் கொப்பி, மேலே பாடம் என்ற இடத்தில் "வீடு" என்று எழுதியிருந்தது. படித்துப் பார்த்தபோது அவர் அந்த வீட்டை எவ்வளவு கவனித்து வைத்திருக்கிறார் என்று விளங்கியது. பின்கதவு மழைக்கு வீங்கும், ஆனால் வெயிலில் தானாகத் திறக்கும், ஆகவே கொக்கி போடவும். வாழைக்குலை மஞ்சளாகும்வரை விடாதீர்கள், குரங்கு முந்திவிடும். அரிசிப் பானைக்குள் கிடக்கிற வேப்பிலையை எடுத்து எறிய வேண்டாம். செருப்பைப் போட முதல் தட்டவும். புடையன் பாம்பின் படம் ஒன்றை நான் அச்செடுத்து ஒட்டினேன், கீழே மாவட்ட வைத்தியசாலைக்குப் போக எந்த ஓட்டோக்காரரைக் கூப்பிடுவது என்று எழுதினோம்.

கொப்பியில் இரண்டு பக்கம் தண்ணீர் மோட்டருக்கே போனது. சுவிச்சைப் போட முதல் மோட்டரின் மேல் மூடியைத் திறந்து ஒரு சாடித் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஊற்றாவிட்டால் காற்று இழுக்கும், தண்ணீர் வராது, சத்தம் மட்டும் வரும். தாங்கி நிரம்பினால் வழிகிற குழாயில் தெரியும், உடனே நிறுத்த வேண்டும். இதையெல்லாம் எழுதியும் அந்த மோட்டர்தான் காலை வாரியது. ஓகஸ்ட் கடைசியில் சிறுபோக நெல் அறுவடைக்கு வந்ததும் வாய்க்காலில் தண்ணீரை நிறுத்துவார்கள். வாய்க்கால் காய்ந்தால் எங்கள் கிணறுகள் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். இது ஊராருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆகவே கொப்பியிலும் இல்லை. பாரிஸ் ஐயா வழக்கம்போல மோட்டரைப் போட்டுவிட்டுக் குசினிக்குப் போய்விட்டார், கிணற்றில் அடி தெரிந்தது, மோட்டர் வெறுமனே ஓடிக் கொயில் எரிந்தது. டீச்சரின் கணவர் வந்து பார்த்து, மோட்டரைக் கழற்றிச் சைக்கிளில் வைத்து டவுனுக்குக் கொண்டுபோய்க் கொயில் கட்டக் கொடுத்தார். வருமட்டும் பிள்ளைகள் இரண்டும் துலா இல்லாத கிணற்றில் கப்பியும் வாளியுமாய் அள்ளிக் குளித்தார்கள். செலவைப் பாரிஸ் குடும்பம் கொடுத்தது. உடைத்ததை உடைத்தவர் திருத்துவது என்று முன்கூட்டியே எழுதி ஒத்துக்கொண்டதால் இரண்டு பக்கமும் முகம் கோணவில்லை. இப்படி ஓர் ஒப்பந்தம், ஒரு பக்கக் கடிதம் போதும், இல்லாமல் யாரும் சாவி கொடுக்க வேண்டாம்.

கரண்ட் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஐரோப்பிய வழக்கம் இங்கே சரிவராது. அங்கே அவரவர் வீட்டுப் பில்லை அவரவர் கட்டுவார்கள், இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே செலவு என்பதால். எங்கள் கட்டணம் படிப்படியாக ஏறுகிற கட்டணம். மாதம் 60 யூனிற்றுக்குள் நின்றால் குறைந்த விலை, தாண்டினால் முதல் யூனிற்றில் இருந்தே வேறு விலை, 90, 120, 180 என்று தாண்டத் தாண்ட இன்னும் கூடும். டீச்சர் வீடு எப்போதும் அறுபதுக்குள் நிற்கிற வீடு. நாலு பேர் இரவு பகலாக மூன்று மின்விசிறி போட்டு, தினமும் உடுப்பு அயன் பண்ணினால் பில் இரண்டு மடங்கோடு நிற்காது. காசு வாங்குவதில்லை என்றும் முடிவு. ஆகவே வந்த நாளும் போன நாளும் மீட்டரைப் படம் எடுத்து வைத்தார்கள், புதுச்சேரியில் டீச்சர் குடும்பம் எரிக்கிற கரண்டும் காஸ் சிலிண்டரும் அவர்கள் கணக்கு என்று ஈடு செய்துகொண்டார்கள். நேர்மையான ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

மூன்று வாரம்

டீச்சரும் கணவரும் அந்த நாட்களில் முரசுமோட்டையில் தாயார் வீட்டில் இருந்தார்கள். மாட்டைப் பார்க்கக் கணவர் விடிய வந்து போவார், அது மட்டும் மாற்றில் சேராத சொத்து.

விருந்தாளிகள் பெரிதாக ஊர் சுற்றவில்லை. முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கினார்கள், ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்குப் போனார்கள், இரணைமடு அணைக்கட்டில் பொழுது படுமட்டும் இருந்தார்கள். மிச்ச நேரம் வளவுதான். பத்து வயதுப் பிள்ளை முன்வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து இரண்டாம் வாரத்தில் "இஞ்ச வா, உதைத் தா" என்று பேசத் தொடங்கிவிட்டான். தகப்பனுக்கு அது புதுச்சேரித் தமிழ் இல்லையே என்று கொஞ்சம் குறை, தாய்க்குச் சந்தோசம் தாங்கவில்லை.

முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போகிற வழியில் முள்ளிவாய்க்கால் வருகிறது. பதினான்கு வயது மகள் இணையத்தில் படித்துவிட்டு டீச்சரிடம் நேரே கேட்டாள், நீங்கள் அப்போது எங்கே இருந்தீர்கள் என்று. டீச்சர் பதில் சொன்னார், அங்கேதான் என்று, சொல்லக் கூடிய அளவு சொன்னார். ஆனால் பிறகு என்னிடம், இனி வருகிறவர்களுக்கு ஒன்றை எழுதி வைக்க வேண்டும் என்றார்: கேட்கலாம், ஆனால் படம் எடுக்கிற மாதிரிக் கேட்கக் கூடாது, அழுகிற முகத்தைப் பார்ப்பதற்கு வருவதென்றால் வர வேண்டாம். அது இப்போது பதிவில் இருக்கிறது. வன்னியில் வீடு திறந்து விடுகிற எவரும் இதை யோசித்து வைத்திருக்க வேண்டும், கேள்வி வரும், எந்த அளவு சொல்வது என்பது வீட்டுக்காரரின் முடிவு.

முத்தியால்பேட்டை

2025 ஏப்ரல் விடுமுறையில் இவர்கள் போனார்கள். இணைய விசாவில் எந்த வாசலால் உள்ளே நுழையலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் சென்னை விமான நிலையம் இருந்ததால் பலாலியில் ஏறிச் சென்னையில் இறங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலையால் பஸ்ஸில் புதுச்சேரி. திரும்புகையில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிக் காங்கேசன்துறை. 2023 ஒக்டோபரில் தொடங்கி நின்று நின்று ஓடுகிற சேவை அது, மாரி காலத்தில் கடல் பார்த்து நிறுத்திவிடுவார்கள், ஏப்ரல் நல்ல காலம்.

அத்தை சாவியைக் கொடுத்தார். உயர்ந்த திண்ணை, நடுவில் திறந்த முற்றம், காலையில் மட்டும் வருகிற குழாய்த் தண்ணீர். அங்கேயும் ஒரு கொப்பி இருந்தது, பாரிஸ் அம்மா டீச்சரின் கொப்பியைப் பார்த்துவிட்டு அதே மாதிரி எழுதி வைத்திருந்தார். முதல் நாள் காலை வாசல் வெறுமனே கிடக்கிறது என்று அத்தை சொல்ல, டீச்சர் தினமும் கோலம் போடத் தொடங்கினார். எங்கள் வீட்டில் தைப்பொங்கலுக்குத்தான் கோலம், தெருவே பார்க்கிற கோலம் போட்டுப் பழக்கம் இல்லை, மூன்றாம் நாள் எதிர்வீட்டுப் பெண் புள்ளி வைத்துக் காட்டிக் கொடுத்தார். ஹோட்டலில் இருந்தால் எதிர்வீடு என்று ஒன்றே இருக்காது.

சிதம்பரத்துக்கு ஒரு நாள் போனார்கள், டீச்சருக்கு வாழ்நாள் ஆசை. கணவரோ பாகூர் ஏரிக்கு இரண்டு தரம் போய்விட்டார். புதுச்சேரியின் நெல்லுக்கெல்லாம் பாகூர்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மதகில் நின்று, தண்ணீர் எப்படிப் பங்கு வைக்கிறீர்கள், கடைசி வயலுக்கு எத்தனையாம் நாள் போகும் என்று அங்கே ஒரு விவசாயியைப் பிடித்து அரை நாள் பேசினார். அந்த ஆளின் தொலைபேசி இலக்கம் இப்போது அவரிடம் இருக்கிறது, மழை பெய்தால் இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள்.

என் கணிப்பு

செலவு என்று பார்த்தால் டீச்சர் குடும்பம் கட்டியது சந்தா, விசா, விமானமும் கப்பலும், சாப்பாடு. தங்குமிடம் பூச்சியம். இவ்வளவு நாள் விடுதியில் இருந்திருந்தால் ஓர் ஆசிரியையின் சம்பளத்தில் அந்தப் பயணத்தை நினைத்தே பார்த்திருக்க முடியாது.

ஆனால் இலவசமாக வெளிநாடு போகிற வழி என்று இதை ஊருக்குள் பேசுவது எனக்குப் பயமாக இருக்கிறது. ஐரோப்பா விசாவுக்கு வீட்டு மாற்றை ஒரு காரணமாகக் காட்டலாம் என்று நினைத்து ஏற்கனவே சிலர் என்னிடம் வந்தார்கள். காட்டலாம், உண்மையாக இருந்தால். வீட்டுக்காரர் அங்கே இல்லாத வீட்டுக்கு வரவேற்புச் சான்று எடுக்கப் போனால் இரண்டு குடும்பமும் மாட்டும். எங்கள் கடவுச்சீட்டு உள்ளவர்கள் முதலில் தேட வேண்டியது எங்களுக்கு விசா லேசாகக் கிடைக்கிற நாட்டில் வீடு வைத்திருக்கிறவர்களை. சிங்கப்பூருக்கும் மாலைதீவுக்கும் குறுகிய காலம் விசாவே முன்கூட்டித் தேவையில்லை, இந்தியா இணையத்தில் முடிகிற காரியம். அதோடு ஒரே நேரத்தில் மாறுவதை மறந்துவிடுங்கள். அவர்கள் முதலில் வரட்டும், நீங்கள் பிறகு போங்கள். இடையில் ஒரு வருடம் ஆனாலும் பரவாயில்லை, கடன் கடன்தான், எழுதி வைத்தால் போதும்.

இன்னொன்று, கொஞ்சம் மனதை உறுத்துவது. இங்கே வரக் கூடியவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள், இங்கிருந்து போகிறவர்கள் குறைவாகவே இருப்பார்கள், அப்படியானால் புள்ளி சேர்த்துச் சேர்த்து வன்னி வீடுகள் கடைசியில் சும்மா விடுதி ஆகிவிடும். ஆகவே பதிலுக்குத் தங்க எங்களால் போகக் கூடிய இடம் ஒன்றை நாள் குறித்துச் சொல்லாத குடும்பத்துக்கு வீடு கொடுக்க வேண்டாம் என்பது டீச்சரின் கொள்கை. இதுவரை மூன்று கோரிக்கையை அவர் இந்தக் காரணத்துக்காகவே மரியாதையாக மறுத்திருக்கிறார்.

பாரிஸ் வீடு இன்னும் கடனாகத்தான் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு, பாரிஸ் குடும்பம் வீட்டில் இருக்கிற நாட்களிலேயே உண்மையான விருந்தாளிகளாக விண்ணப்பிப்பது என்று முடிவு. லீவுக் கடிதத்துக்குப் பதில் ஓய்வூதியக் கடிதம், இந்தியா போய் நேரத்துக்குத் திரும்பியதற்குக் கடவுச்சீட்டில் முத்திரை, வீட்டுக்காரர் வாயிலில் நிற்பார் என்று நெஞ்சறியச் சொல்லக் கூடிய சான்று. கோப்புக்கு வேண்டிய காணி அனுமதிப்பத்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து வைத்திருக்கிறோம்.